பொம்மையில் ஷைத்தான் இல்லை. மூடிய பெட்டியைக் கவனியுங்கள்

(காரிமங்கலம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! இதை வீட்டிலிருந்து வாசிக்கும் தாய்மார்களே!

போன வாரம் மஃக்ரிப் தொழுகை முடிந்து மதரஸா வாசலில் நின்றிருந்தேன். நம் மக்தபில் ஓதும் ஒரு சிறுமியின் பாட்டியும் தாயும் வந்தார்கள். பாட்டி கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதைத் தொடவே பயந்து, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், இதை ஓதிட்டு நீங்களே எரிச்சுடுங்க. இது வீட்டுக்கு வந்ததுல இருந்து புள்ளைக்குக் காய்ச்சல்" என்றார்கள்.

கவருக்குள் ஒரு பொம்மை. முயல் காது, பெரிய கண், வாய் நிறையக் கூர்மையான பல். பெயர் லபுபு. அது பழங்காலத்துப் பேய் ஒன்றின் உருவம், வைத்திருக்கும் வீட்டைக் கெடுத்துவிடும் என்று சொல்லும் வீடியோ ஒன்று அவர்கள் கைபேசிக்கு வந்திருக்கிறது.

இந்த வீடியோ உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அதனால் இந்தப் பொம்மை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லங் என்ற ஓவியர், 2015-ல் 'தி மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் சிறுவர் படக்கதைகள் வரைந்தார். வட ஐரோப்பிய நாடோடிக் கதைகளில் வரும் குட்டி உருவங்களைப் பார்த்துக் கற்பனை செய்த பாத்திரங்களில் ஒன்றுதான் லபுபு. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் அதைப் பொம்மையாக்கி விற்கிறது. 2024-ல் லிசா என்ற பிரபலப் பாடகி அதைக் கைப்பையில் மாட்டிக்கொண்ட படங்கள் வெளிவந்த பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. வீடியோவில் சொல்லப்படும் பஸூஸு என்பது ஈராக் பகுதியின் பழங்கால மக்கள் நம்பிய ஒரு பேய். அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல் இருப்பதைப் பார்த்து யாரோ கட்டிவிட்ட கதை.

சகுனம் பார்ப்பது நம் மார்க்கம் அல்ல

சகோதரர்களே! ஒரு பொருள் தானாகவே வீட்டுக்குக் கேடு கொண்டுவரும் என்று நம்புவதை அரபியில் 'தியரா' என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக மறுத்துவிட்டார்கள் (நூல்: புகாரி). அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இந்தக் குழந்தையின் மரணத்தால்தான் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த அந்த நேரத்திலும் நாயகம் அதை அப்படியே விடவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். சொந்த மகனின் மய்யித்தை வைத்துக்கூட மூடநம்பிக்கை வளர விடாத நபியின் உம்மத், ஒரு துணிப் பொம்மையைக் கண்டு நடுங்கலாமா?

அந்தப் பாட்டியிடம் சொன்னேன்: "அம்மா, ஓதுவது ஸுன்னத்துதான். ஆனால் பொம்மைக்கு ஓத வேண்டாம், பிள்ளைக்கு ஓதுவோம்." நபி (ஸல்) அவர்கள் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி ஓதுவார்கள், இப்ராஹீம் (அலை) அவர்களும் தம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஓதினார்கள் என்றும் சொல்வார்கள். அந்தச் சிறுமிக்கு ஓதினோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகச் சொன்னேன். மாத்திரை கொடுத்தார்கள், மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது, அல்ஹம்து லில்லாஹ்.

"பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதும், அதை நாயகம் தடுக்காததும் புகாரியில் இருக்கிறது. அவர்களின் பொம்மைகளில் இறக்கை வைத்த குதிரை ஒன்றும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா பதில் சொன்னார்கள். கடைவாய்ப் பல் தெரியும் அளவுக்கு நாயகம் சிரித்தார்கள் (நூல்: அபூதாவூத்). இதை வைத்துத்தான் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அறிஞர்களில் பலர் அனுமதி தந்தார்கள். வளர்ந்தவர்கள் உருவங்களை வாங்கி அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதற்கு இந்த அனுமதி பொருந்தாது.

அந்தப் பொம்மை எப்படி வந்தது?

நான் கேட்ட கேள்வி இதுதான். "அண்ணன் பெங்களூரிலிருந்து அனுப்பினான்" என்றார்கள். பையன் அங்கே வேலை பார்க்கிறான். இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்தபோது என்னைத் தேடி வந்தான். "பேர் சொல்லாம பயான்ல சொல்லுங்க ஹஜ்ரத், மத்தவங்களுக்காவது உதவட்டும்" என்று அவனே சொன்னதால் இங்கே சொல்கிறேன்.

இந்தப் பொம்மை மூடிய பெட்டியில் விற்கப்படுகிறது. உள்ளே என்ன நிறம் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஒரு வரிசையில் ஆறு வகை இருக்கும். ஏழாவதாக ரகசிய வகை ஒன்று, 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில். இந்தப் பையனுக்கு அந்த ரகசியப் பொம்மை வேண்டும். ஒன்று வாங்கினான், வரவில்லை. இரண்டு, மூன்று என்று பதினோரு பெட்டி. சேமிப்பு போய், கடைசி நான்கு பெட்டிகளைக் கடன் வாங்கி வாங்கியிருக்கிறான். "ஒவ்வொரு தடவையும் அடுத்ததுல வந்துடும்னு தோணுச்சு ஹஜ்ரத்" என்றான். தங்கைக்கு அனுப்பியது, ஒரே நிறத்தில் மூன்றாவது முறையாக வந்து, அவனுக்கே வேண்டாம் என்று ஆகிப்போன பொம்மை.

72-க்கு ஒன்று என்றால் 72 பெட்டி வாங்கினால் கட்டாயம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நூறு பேர் ஆளுக்கு 72 பெட்டி வாங்கினாலும், கணக்குப்படி 36 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். இன்னொரு பக்கம், 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு, நம் பணத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல், ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்த இளைஞனுக்கு எந்தக் கணக்கும் காதில் ஏறாது.

சந்தையில் நாம் எப்படி வாங்குகிறோம்?

நம் ஊர்ச் சந்தைக்குப் போகாதவர் இங்கே யாரும் இல்லை. மாடு வாங்க வருபவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார். நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார். மடியைத் தொட்டுப் பார்க்கிறார். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி விலை பேசுவார். அங்கே விலைதான் துண்டுக்குள் இருக்கும், மாடு வெயிலில் எல்லோர் கண் முன்னாலும் நிற்கும். மாட்டைத் துண்டால் மூடிவிட்டு, "பணத்தைக் கொடு, பிறகு பார்த்துக்கொள்" என்றால் நம்மில் யாராவது வாங்குவோமா?

அதே சந்தையில் சிலர் நெற்றியில் சுழி பார்த்து, இந்த மாடு குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். சுழி பார்ப்பதை மார்க்கம் மறுக்கிறது, பல் பார்ப்பதை ஏற்கிறது. பொம்மை விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பாட்டி சுழி பார்த்தார்கள். பேரன் பல் பார்க்கத் தவறினான்.

அறியாமைக் காலத்தில் 'முலாமஸா' என்று ஒரு வியாபாரம் இருந்தது. மடித்த துணியை விரித்துப் பார்க்காமல், கையால் தொட்டாலே வியாபாரம் முடிந்தது. 'முனாபதா' என்று இன்னொன்று: துணியை எறிந்தால் போதும், புரட்டிப் பார்க்க வழியில்லை. இரண்டையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). என்ன கிடைக்கும் என்று தெரியாத 'கரர்' வியாபாரத்தையும் தடுத்தார்கள் (நூல்: முஸ்லிம்). நம் ஹனஃபி மத்ஹபில் பார்க்காத பொருளை வாங்க இடம் உண்டு. ஆனால் பார்த்த பிறகு பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. 'கியாருர் ருஃயா' என்பது அதன் பெயர். நிறம் பிடிக்கவில்லை என்று பிரித்த பெட்டியைத் திருப்பித் தர முடியுமா? திருப்ப முடிந்தால் அந்த வியாபாரமே நடக்காது.

"காசுக்கு ஒரு பொம்மை வந்துவிடுகிறதே, இது எப்படிச் சூதாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறம் எதுவானாலும் சரி என்று ஒன்று வாங்கியவரை நான் சூதாடி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் பதினொன்றாவது பெட்டிக்குக் கொடுத்த பணம் பொம்மைக்கா, அதிர்ஷ்டத்துக்கா? அவன் மனசுக்கே பதில் தெரியும். மது, சூதாட்டம், குறி பார்ப்பது இவற்றையெல்லாம் ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனத்தில் அல்லாஹ் ஒன்றாகச் சேர்த்தே எச்சரிக்கிறான். பாட்டி பொம்மையின் முகத்தில் தேடிய ஷைத்தான், "இன்னும் ஒன்று வாங்கு" என்று பேரனின் காதில் ஓதிக்கொண்டிருந்தான்.

பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டிக்கடையில் சீட்டுக் கிழித்துப் பரிசு தேடிய அட்டை நினைவிருக்கும். 2003-ல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்யும் வரை, அதில் கூலியைத் தொலைத்த வீடுகளும் நினைவிருக்கும். இந்தப் பொம்மை பிறந்து வளர்ந்த சீனாவிலேயே, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட மூடிய பெட்டிகளை விற்கக் கூடாது என்று 2023-ல் விதி கொண்டுவந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

தாய்மார்களே, பயமுறுத்தும் வீடியோக்களை அனுப்பாதீர்கள். காலையும் மாலையும் ஃபலக், நாஸ் சூராக்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதுங்கள்.

பெற்றோர்களே, பொம்மை வாங்கித் தருவதென்றால் கண்ணால் பார்த்து, பிள்ளையின் விருப்பம் கேட்டு, உங்கள் வசதிக்குள் வாங்குங்கள். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, "கடன் ஏதாவது இருக்காப்பா" என்றும் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் மறைப்பான், அன்பாகக் கேட்டால் சொல்வான். அந்தப் பையனின் தந்தை அப்படித்தான் கேட்டார். மாதாமாதம் கொஞ்சமாகக் கடனை அடைக்க இருவரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உள்ளே இருப்பதைக் காட்டி விற்கும் பொருளில் பரக்கத் இருக்கிறது.

இளைஞர்களே, மூடிய பெட்டியின் முன் நிற்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பிரித்துக் காட்டி, வேறு நிறம்தான் இருக்கிறது என்று சொன்னால், இதே விலைக்கு இதை வாங்குவேனா? இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அந்தப் பொம்மை எரிக்கப்படவில்லை. இப்போதும் அந்தச் சிறுமியிடம்தான் இருக்கிறது. விளையாடுகிறாள், ஓதும் நேரத்தில் எடுத்து வைத்துவிடுகிறாள்.

யா அல்லாஹ்! உன்னைத் தவிர வேறு எதற்கும் அஞ்சாத உள்ளத்தை எங்களுக்குத் தா. எங்கள் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய். கடனில் தவிப்பவர்களின் கடனை லேசாக்கு. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.