கல்வியும் கித்மத்தும்

 



நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களில் ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணி அடிக்கும். அதுவரை ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கணக்குப் போட்ட பிள்ளைகள் எழுந்து இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் தீனியாத் வகுப்புக்குப் போவார்கள். மற்றப் பிள்ளைகள் நீதிபோதனை வகுப்புக்குப் போவார்கள்.

இது தவறா? தவறில்லை. நம் பிள்ளைகளுக்குத் தீனைக் கற்றுக் கொடுப்பது நம் மீது கடமை. அடுத்தவர் பிள்ளை மீது நம் மார்க்கத்தைத் திணிப்பதோ நமக்கு ஆகாது. ஆகவே பிரிவது முறைதான். ஆனால் அந்த அறையிலும் உண்மை பேசு என்கிறார்கள். இந்த அறையிலும் உண்மை பேசு என்கிறோம். அங்கேயும் இரக்கம், இங்கேயும் இரக்கம். இரண்டு அறையில் தனித்தனியே படித்த இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் சேர்ந்து செய்து பார்க்கும் இடம் எது? அப்படி ஓர் இடம் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு மாணவன் என்னைத் தலைகுனிய வைத்த பிறகுதான் தோன்றிற்று. அதை மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தீனியாத் போதித்து வந்தேன். அங்கே கூட்டிப் பெருக்கித் தண்ணீர் நிரப்பி வைக்கும் ஓர் ஆயாம்மா இருந்தார். முஸ்லிம் அல்லாதவர், வயதானவர். அவர் நோயில் விழுந்தார். வேறு ஆளை வைத்தால் அவருடைய சம்பளம் போய்விடும். 'அவர் வரும் வரை நாங்களே பெருக்குகிறோம், அவர் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம்' என்று நீதிபோதனை வகுப்புப் பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு துடைப்பமும் வாளியுமாக இறங்கி விட்டார்கள். சன்னல் வழியே அதைப் பார்த்த என் வகுப்பு மாணவர்கள், தாங்களும் போகலாமா என்று அனுமதி கேட்டார்கள். "பாடம் முடியட்டும், உட்காருங்கள்" என்றேன்.

அன்று நான் நடத்திக் கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? அண்டை வீட்டாரின் ஹக்கு!

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், இந்த ஹக்கு ஆயாம்மாவுக்கு இல்லையா?" என்று கேட்டான். அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. தெரிந்து கொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நான் உட்கார்ந்து ஓதிக் கொடுக்கும் அறையை அத்தனை நாள் பெருக்கியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்பர்களே! கிதாபுகளில் நான் ஓதாத விஷயமா இது? நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி மறைந்து விட்டார். அவரைச் சாதாரணமானவர் என்று எண்ணித் தோழர்கள் அந்தச் செய்தியை நாயகத்திற்கு அறிவிக்காமலேயே அடக்கம் செய்து விட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்த நாயகம் (ஸல்) அவர்கள், எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று வருந்திக் கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. இதைப் பலமுறை ஓதியும் இருக்கிறேன், ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். இருந்தும் என் கண் முன்னே பெருக்கியவரை நான் விசாரிக்கவில்லையே!

அண்டை வீட்டார் ஹக்கில் அடுத்த சமயத்தார் உண்டா என்ற கேள்விக்கும் ஹதீஸில் பதில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டது. அவர்கள் முதலில் விசாரித்தது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்றுதான். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதை நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்.

அன்று கிதாபை மூடி வைத்தேன். மாணவர்களோடு நானும் இறங்கினேன். பதினைந்து நாள் கழித்து ஆயாம்மா வந்தார். சுத்தமாக இருந்த முற்றத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. "எனக்கு இன்னும் வேலை இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். சம்பளம் பிடிக்கப்படவில்லை என்று தலைமையாசிரியர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கித்மத் என்று நாம் செய்வது இன்னொரு ஏழையின் பிழைப்பைக் கெடுத்து விடக் கூடாது என்பதை அன்று நானும் பிள்ளைகளும் சேர்ந்தே படித்தோம்.

பள்ளிக்கூடத்திற்கும் தொண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. "துடைப்பம் பிடிக்கவா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்?" என்று பெற்றோர் சண்டைக்கு வருவதும் உண்டு. அவர்கள் மதீனாவைத் திரும்பிப் பார்க்கட்டும்!

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையான ஸுஃப்ஃபாதான் நம் மத்ரஸாக்களுக்கெல்லாம் தாய். வீடு வாசலற்ற ஏழைத் தோழர்கள் அங்கே தங்கிக் கல்வி கற்றார்கள். மதீனாவின் அன்ஸாரிகளில் 'குர்ராக்கள்', அதாவது குர்ஆனை ஓதுவோர் என்று பெயர் பெற்ற ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் இரவில் ஓதுவார்கள், கற்பார்கள். பகலில் தண்ணீர் கொண்டு வந்து பள்ளிவாசலில் வைப்பார்கள். விறகு வெட்டி விற்று, அந்தக் காசில் ஸுஃப்ஃபாவாசிகளுக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்கிக் கொடுப்பார்கள். இதை அறிவிப்பவர் அனஸ் (ரலி). ஹிஜ்ரி 4இல் பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட 70 பேர் இவர்கள்தாம். அவர்களுக்காக வருந்தி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாதம் குனூத் ஓதினார்கள். ஓதியவர்கள் விறகு சுமந்தார்கள்; விறகு சுமந்தவர்களே ஓதினார்கள். கிதாபு வேறு, கித்மத் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டியபோது நாயகம் (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள். அப்படியிருக்க, நம் பிள்ளை வாளி தூக்கினால் கௌரவம் குறைந்து விடுமா?

இன்னொரு அச்சமும் சிலருக்கு உண்டு: "எல்லாரோடும் சேர்ந்து தொண்டு செய்தால் நம் பிள்ளைகளின் மார்க்கம் கலந்து விடாதா?" இது நல்ல எண்ணத்தில் பிறக்கும் அச்சம், இதை ஏளனம் செய்யக் கூடாது. இபாதத்தில் கலப்பு இல்லை. ஈமானில் விட்டுக் கொடுப்பதும் இல்லை. ஆனால் பசித்தவனுக்குச் சோறிடுவதிலும், அநீதிக்கு ஆளானவனுக்குத் துணை நிற்பதிலும் பிறரோடு கை கோப்பதற்கு நாயகத்தின் வாழ்விலேயே முன்மாதிரி இருக்கிறது.

நபித்துவத்திற்கு முன் மக்காவில் ஒரு சம்பவம். யமன் நாட்டு ஸபீதிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் குறைஷித் தலைவர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தார். அதைப் பொறுக்காத சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவர் எவராயினும் அவர் உரிமையை மீட்டுத் தருவோம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுதான் ஹில்ஃபுல் ஃபுழூல். இளைஞராயிருந்த நாயகம் அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். கூடியவர்களோ சிலை வணங்கிகள்! ஆயினும் நபியான பிறகும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இஸ்லாத்தில் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்ற கருத்தில் அருளியிருக்கிறார்கள். நன்மையிலும் தக்வாவிலும் ஒருவருக்கொருவர் உதவும்படியும், பாவத்தில் உதவாதிருக்கும்படியும் அல்லாஹ் திருமறையின் மாயிதா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். நமக்கு எல்லைக் கோடு இதுவே.

நம் முன்னோர் இதை உணர்ந்தே கல்விச் சாலைகளை எழுப்பினார்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டில் சென்னைப் புதுக்கல்லூரி. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் மாணவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. வாசல் திறந்திருக்கிறது, வழியும் இருக்கிறது. நம்மிடம் குறைவது மனம்தான்.

எனவே பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சில வேண்டுகோள்கள்:

மாதத்தில் ஒரு நாளாவது தீனியாத், நீதிபோதனை வகுப்புகள் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே பணியில் பிள்ளைகளை இறக்குங்கள். கிட்டே இருக்கும் வேலையைப் பாருங்கள்: நெடுநாள் வராத மாணவனை வீடு தேடி விசாரித்துப் பாடக் குறிப்பை எழுதிக் கொடுப்பது, பழைய புத்தகங்களைத் திரட்டி அட்டை போட்டு இல்லாதவருக்குத் தருவது, கோடையில் வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது, படிப்பில் பின்தங்கியவனுக்கு மாலையில் சொல்லிக் கொடுப்பது.

முறை வைத்துச் செய்யுங்கள். தாளாளர் மகன், கூலிக்காரர் மகன், ஆண், பெண் என்ற பேதம் வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் மட்டும் துடைப்பத்தைக் கொடுத்தால் அது கித்மத் அல்ல, அநீதி! சிறுவர்களை ஆபத்தான வேலைக்கும் அசுத்தமான சாக்கடைக்கும் அனுப்பாதீர்கள். ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்து ஏவாமல் கூட இறங்குங்கள். படம் எடுத்து விளம்பரம் தேடாதீர்கள். உதவி பெறும் பிள்ளையின் பெயரை மேடையில் சொல்லாதீர்கள். கூலியும் நன்றியும் வேண்டாமல், அல்லாஹ்வின் முகத்திற்காக உணவளிப்போரை அவன் தஹ்ர் அத்தியாயத்தில் புகழ்கிறான். தொழுதுகொண்டே அற்ப உதவியையும் தடுப்போரை மாஊன் அத்தியாயத்தில் எச்சரிக்கிறான்.

தாய்மார்களே! இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை மார்க் என்று கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "உன் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற அம்மாவுக்கு என்ன பெயர்?" பிள்ளைக்குத் தெரியாவிட்டால் திட்ட வேண்டாம். நாளைக்குக் கேட்டு வரச் சொல்லுங்கள். எனக்கே தெரியாதிருந்ததுதானே!

யா அல்லாஹ்! எங்கள் கல்வியைப் பயனுள்ள கல்வியாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் நாவில் உன் வேதத்தையும், அவர்கள் கைகளில் உன் அடியார்களுக்கான கித்மத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.