தில்லைக் கோவிலுக்கு உடையவர் யார்?

சிதம்பரம் நடராசர் கோவிலை வைத்துப் அங்கே பரம்பரையாகப் பூசை செய்யும் பொதுதீட்சிதர்களுக்கும் அரசுக்கும் நடக்கும் வழக்கை நிர்வாகத் தகராறு என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். அதன் அடியில் கிடப்பது சமயக் கேள்வி: இறைவனுக்குத் தொண்டு செய்கிறவர் அவன் வீட்டுக்கு உடையவர் ஆக முடியுமா? முடியாது என்பதே என் கட்சி. அது தீட்சிதருக்கும் பொருந்தும், அதிகாரிக்கும் பொருந்தும். 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ரெகுலேஷன் சென்னை மாகாணக் கோவில் மானியங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. வரி வாங்கிய கலெக்டரே கோவில் கணக்கையும் பார்த்தார். கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோகலாமா என்று மிஷனரிகள் எதிர்த்தபின், 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனி விலகிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் பொறுப்பைக் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. அரசு வந்தபோதும் சரி, போனபோதும் சரி, கும்பிட வருகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுடைய இடத்தைச் சொன்னது 1890 மார்ச்சில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கோவில் எங்கள் சொந்தச் சொத்து என்ற தீட்சிதர்களின் வாதத்துக்குத் துளியும் சான்றில்லை, இது நெடுங்காலமாகப் பொது வழிபாட்டுத் தலம் என்றார்கள் நீதிபதிகள் முத்துசாமி அய்யரும் ஷெப்பர்டும். தலைமுறை தலைமுறையாக முறை வைத்து, ஒருநாளும் விடாமல் பூசை செய்துவரும் குடும்பங்களை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உழைப்பு மதிக்க வேண்டியதுதான், பூசை உரிமையும் அவர்களுடையதுதான். ஆனால் தில்லை மூவாயிரவர் எனப்படும் தங்களில் ஒருவர் நடராசரே என்பது தீட்சிதர்களுடைய நம்பிக்கை. அதை மெய்யாகவே கொண்டால் சொத்து அந்த ஒருவருடையது. மற்றவர்கள் அவருக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர்கள்.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோவிலில் என்ன வேலை என்ற மறுப்பு இன்னும் வலுவானது. 2009 பிப்ரவரியில் அரசு நியமித்த நிர்வாக அதிகாரி இந்தக் கோவிலில் பொறுப்பேற்றார். அதுவரை இல்லாத உண்டியல் உள்ளே வந்தது. 2014 ஜனவரி 6-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. சீர்கேடு இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை அரசு இருக்கலாம், சரியானதும் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும் என்றது. இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதைத் தனிச்சொத்துப் பட்டா என்று படிப்பவர்கள் 1890-ஐ மறந்துவிடுகிறார்கள். அதிகாரி விலகியதால் கணக்குக் கேட்கும் உரிமை விலகிவிடவில்லை, கேட்கவேண்டியவன் அடியவன்.

ஆருத்ரா தரிசனத்துக்குக் கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அர்ச்சனைக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிற குடியானவனுக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். தீட்சிதர்கள் ஆண்டு வரவுசெலவைத் தாங்களாகவே தமிழில் எழுதிக் கோபுர வாசலில் ஒட்டட்டும். அரசின் அறநிலையத் துறையும் தன் கையிலுள்ள ஒவ்வொரு கோவிலிலும் அதையே செய்யட்டும்.