மீட்படைந்த பின்னும் பாவமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். ஆலய வளாகத்தின் வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை வெளியேற்றும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர். முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை.

“சாமி, என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். இப்போது வேறு சபைக்குப் போகிறார். ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டது உண்மையானால் இன்னும் ஏன் பாவம் செய்கிறீர்கள்? வருஷா வருஷம் அதே பாவத்தைச் சொல்ல ஏன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கோபம் முப்பது வருஷமாக என்னை விட்டுப் போகவில்லை. நேற்றுகூட மருமகள் கண் கலங்கும்படி பேசிவிட்டேன். நான் மீட்கப்பட்டவன்தானா, சாமி?”

அவர் கேட்டது மறைக்கல்வி வகுப்பில் விடை சொல்லிவிட்டு மறந்துவிடும் வினா அன்று. தாம் பெற்ற திருமுழுக்கு மெய்யா, பொய்யா என்ற ஐயம் அதற்குள் இருந்தது. இந்த ஐயம் அவருக்கு மட்டும் உரியதும் அன்று.

புனித யோவானின் முதல் திருமுகத்தைத் திறந்தால் இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் அங்கேயே காண்கிறோம். நம்மிடம் பாவம் இல்லை என்று சொல்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது முதல் அதிகாரத்தின் கருத்து. கடவுளிடமிருந்து பிறந்தவர் பாவம் செய்வதில்லை என்பது மூன்றாம் அதிகாரத்தின் கருத்து. ஒரே திருமுகத்தில் இரண்டும் உள்ளன. பக்கத்து வீட்டு நண்பர் இரண்டாவதைப் பற்றிக்கொண்டார். நம்மில் பலர் முதலாவதைச் சாக்காக வைத்துக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் மூன்றாம் அதிகாரத்து வினைச்சொற்கள் தொடர்ந்து நிகழும் செயலைக் குறிப்பவை என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குவர். அவ்வாறாயின், கடவுளின் பிள்ளை பாவத்தில் விழவே மாட்டான் என்பதன்று யோவானின் கூற்று. பாவத்தையே தன் வீடாக்கிக்கொண்டு அதில் குடியிருக்க மாட்டான் என்பதே. விழுவது வேறு, விழுந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வது வேறு.

தொடக்கத் திருச்சபை இவ்வினாவோடு கடுமையாகப் போராடியது. திருமுழுக்குக்குப் பின் பாவம் செய்ய நேருமே என அஞ்சிப் பலர் அதனைத் தள்ளிப்போட்டனர். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணம் நெருங்கிய பின்னரே திருமுழுக்குப் பெற்றார். சிறுவயதில் நோயுற்ற அகுஸ்தினாருக்கு ஏற்பாடு செய்யப்பட்ட திருமுழுக்கு, அவர் நலமடைந்ததும் ஒத்திவைக்கப்பட்டது. 387இல்தான் அவர் அதனைப் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் வேதகலாபனையின்போது மறுதலித்தவர்களை மீண்டும் சேர்க்கலாகாது என்று நோவாசியன் வாதிட்டார். திருச்சபை அவர் பக்கம் நிற்கவில்லை. மனம் வருந்தி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. 418இல் கார்த்தேசில் கூடிய ஆயர்கள் மற்றொன்றையும் தெளிவாக்கினர். குற்றங்களை மன்னிக்குமாறு புனிதர்கள் வேண்டும்போது அவர்கள் பணிவுக்காகப் பொய் சொல்வதில்லை, உண்மையையே சொல்கிறார்கள் என்றனர். ஆண்டவர் அந்தச் செபத்தைக் கற்றுக்கொடுத்தது புறத்தாருக்கு அன்று, தம் சீடர்களுக்கே. அன்றாட உணவைக் கேட்கும் அதே மூச்சில் மன்னிப்பையும் கேட்கச் சொன்னார்.

இந்தப் படிப்பினையைத் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. திருமுழுக்கு பாவத்தை மேலோட்டமாக மூடி மறைப்பதில்லை, உண்மையிலேயே நீக்குகிறது. ஆனால் தீய நாட்டம் நம்மில் எஞ்சியிருக்கிறது. அது தன்னளவில் பாவம் அன்று, பாவத்திலிருந்து வந்து பாவத்தை நோக்கி இழுப்பது. நாம் போராடி வெல்லவே விடப்பட்டிருக்கிறது என்று 1546இல் கூறியது. அருள் பெற்றவர் இனிப் பாவம் செய்ய முடியாது என்பதும், பெற்ற அருளை ஒருபோதும் இழக்க மாட்டார் என்பதும் தவறு என்று 1547இல் அறிவித்தது. கன்னி மரியாவுக்குக் கிடைத்தது போன்ற தனிப்பேறு இன்றி, வாழ்நாள் முழுவதும் அற்பப் பாவங்கள் அனைத்தையும் தவிர்ப்பது ஒருவருக்கும் இயலாது என்றும் சொன்னது. எஞ்சியுள்ள நாட்டத்தையே பாவம் என்று அழைக்கலாமா என்பதில் லுத்தரன் சகோதரர்கள் நம்மிடமிருந்து வேறுபட்டனர். எனினும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு சபைகளும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, திருமுழுக்குப் பெற்றவர் வாழ்நாளெல்லாம் போராட வேண்டும், நாள்தோறும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுவதாக அறிக்கையிட்டது.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. அவருடைய வேலையைப் பற்றியே கேட்டேன். “சுரங்கத்தில் உங்கள் பிரிவு என்ன செய்தது?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெய்வேலியில் வாழ்வோர் அறிந்த செய்திதான் அது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவுக்கு அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை அகற்றியபின் அதை அடக்கி வைக்கும் பாரம் குறைந்துவிடும். அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் புகும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி இரவு பகலாக நீரை வெளியேற்றுகிறார்கள். அந்நீரை அடக்கக் கற்றுக்கொண்ட பின்னரே 1961இல் இங்கு நிலக்கரியைத் தொட முடிந்தது.

“நிலக்கரி கிடைத்துவிட்டதே என்று மோட்டாரை நிறுத்தினீர்களா?” என்றேன்.

“அது எப்படி சாமி? பொங்கலுக்கும் ஓடும், தீபாவளிக்கும் ஓடும். எந்த ஷிப்டிலும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததில்லை.”

“நீர் இருப்பதால் அது சுரங்கமே இல்லை என்று யாராவது சொன்னார்களா?”

அவர் சிரித்துவிட்டார்.

உவமை எதுவும் ஓர் எல்லை வரைதான் துணைவரும். சுரங்கத்தில் மோட்டாரை இயக்குவது மனிதரின் ஆற்றல். நம் உள்ளத்தில் அதை இயக்குவது இறையருள். நம் பங்கு அதற்குத் தடை செய்யாமல் ஒத்துழைப்பது. இதை மறந்தால், முயற்சியாலேயே தூயவராகலாம் என்ற பெலாஜியுசின் தவற்றில் விழுவோம். ஆனால் உவமையின் உயிர்நாடி உண்மையானது. ஆழத்தில் அழுத்தம் இருப்பது மீட்பு பொய் என்பதற்குச் சான்று அன்று. கரையேறிவிட்டோம், இனி அழுத்தமே இல்லை என்று எண்ணி வாளாவிருப்பதுதான் பேராபத்து.

இங்கே வெளியாரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நம்மையே பார்ப்பது நன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகிய அந்த இரத்த சாட்சி 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழும்பிய ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி முழந்தாளிட்ட மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910இல் அது அகற்றப்பட்டபோது, தங்கள் உரிமை பறிபோயிற்றென்று வழக்குத் தொடுத்தவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்களே. பழங்கதை என்று கடந்துவிட முடியாது. 2008 மார்ச்சில், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், கத்தோலிக்கரே தலித் கத்தோலிக்கரின் வீடுகளைத் தாக்கினர். அக்கலவரத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

கிறிஸ்துவுக்குள் திருமுழுக்குப் பெற்றவர்களிடையே இன வேற்றுமை இல்லை என்பது கலாத்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தின் நெஞ்சம். அதே திருமுகத்தில், தூய ஆவியைப் பெற்ற பேதுருவே அந்தியோக்கியாவில் பிற இனத்தாரின் பந்தியை விட்டு விலகியதையும், பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததையும் வாசிக்கிறோம். தலைமைத் திருத்தூதரும் பெந்தகோஸ்துக்குப் பின் தவறினார், திருத்தப்படவும் செய்தார். அவருக்கு நேர்ந்தது நமக்கு நேராதென்று யார் சொல்ல முடியும்?

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். அந்தப் பெரியவர் தம் கோபத்தைப் பாவம் என்று அழைத்தார். சுவரைக் காக்க நீதிமன்றம் சென்றவர்களோ தங்கள் பாவத்தை வழக்கம் என்றும் உரிமை என்றும் அழைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரே பாவத்தை அறிக்கையிடுபவரின் மோட்டார், மெதுவாகவேனும், ஓடிக்கொண்டிருக்கிறது. பாவத்துக்கு மரியாதையான பெயர் சூட்டியவரோ மோட்டாரை நிறுத்திவிட்டு, தரை உலர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறார். எவருடைய நிலை அஞ்சத்தக்கது?

மீட்படைந்தவர் பாவம் செய்வாரா? செய்யக்கூடும், சாவான பாவத்தால் அருளை இழக்கவும் கூடும். எனினும் அவர் பாவத்தோடு சமாதானம் செய்துகொள்ள மாட்டார். அந்த அமைதியின்மை தூய ஆவியாரின் வேலை. பாவத்தில் மரித்தவருக்கு வலி தெரியாது. வலிக்கிறதென்றால் உயிர் இருக்கிறது. ஆதலால் ஒப்புரவு அருட்சாதனம் தோற்றவர்கள் கூடும் இடம் அன்று. போராட்டத்தைக் கைவிடாதவர்கள் வலிமை பெறும் இடம். அருள் பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற வினாவைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாதென்று மறுத்ததையும் நினைவிற்கொள்வோம். நாளை பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே என்று இன்று துணிந்து விழுபவர், அருளைக் கருவியாக்கிக் கடவுளோடு வாணிகம் செய்கிறார்.

பெரியவர் எழுந்தார். “அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லட்டும், சாமி?”

“அவருக்குப் பதில் பிறகு சொல்லலாம். முதலில் மருமகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறதே!”

சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அதுதான் சாமி கஷ்டம்” என்று சொல்லிவிட்டு, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தார்.