ஆச்சியின் பற்று வரவு

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு கிழவி கண்ணை மூடினால் மறுநாள் விடிவதற்குள் பிளக்ஸ் ஏறிவிடும். நடுவில் ஆச்சியின் படம். ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ எடுத்ததைப் பெரிதாக்கியிருப்பார்கள், அவளைத் தனியாக நிறுத்தி வேறு படம் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். கீழே மகன், மருமகன், பேரன் என்று வட்ட வட்டமாக முகங்கள். மாட்டுங்காவில் பிளக்ஸ் இல்லை, பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் உண்டு. செம்பூரில் சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில் கூப்பிய கைகள் வரிசைகட்டும். சாதிக்குச் சாதி சடங்கு மாறுகிறது. புகழுரை மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான்: தனக்கென்று எதையும் கேட்காதவள், குடும்பத்துக்காகவே தேய்ந்தவள், தெய்வம்.

கேட்காதவள் என்று சாட்சி சொல்வது யார்? அவள் கேட்காமல் இருந்ததால் ஆதாயம் கண்டவர்கள்தான். ஒரு முதலாளி மேடையேறி, “இவர் என்னிடம் ஐம்பது வருஷம் உழைத்தார், ஒரு நாள்கூடச் சம்பளம் கேட்டதில்லை” என்று பெருமை பேசினால் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். அதையே மகன் சொன்னால் சபை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது.

தேய்ந்தாள் என்கிறோமே, எதில் தேய்ந்தாள்? மும்பையின் தெருக்களில் ஹாரனை அமுக்கிக்கொண்டு, தலையிலோ சைக்கிளிலோ இட்லிப் பாத்திரத்தோடு போகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர் தாராவிச் சந்துகளிலிருந்து புறப்படுகிறவர்கள். குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் குடங்களை நிரப்புவது, அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவது, ஆட்டி எடுத்த மாவைப் பொங்கி வழியாத உயரத்துக்குச் சட்டிகளில் பிரிப்பது, ஊர் தூங்கும்போது எழுந்து ஈடு ஈடாக அவிப்பது, ஈரத்துணியிலிருந்து இட்லி உடையாமல் உரிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அந்த ஹாரன் கேட்கும். யாவாரம் அண்ணாச்சியுடையது. “வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டுப்பாருங்கள். “அவ சும்மா வீட்லதான் இருக்கா” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்.

இப்படி ஒரு வீட்டின் பதினாறாம் நாள் காரியத்தில் நானும் இருந்தேன். ஆச்சிக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மூத்தவர் சாளைக் கருவாடு என்றார். இளையவர், “இல்லண்ணே, அம்மைக்குச் சொதிதான் உசிரு” என்றார். மூலையில் இலை துடைத்துக்கொண்டிருந்த மருமகள் நிமிராமலே சொன்னாள்: “அத்தைக்கு எது பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? சட்டியில எது மிஞ்சுச்சோ அதைத்தான் சாப்பிட்டாங்க.” கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கருவாடு, சொதி இரண்டுமே படைக்கப்பட்டன. காக்காய்க்கும் வைத்தார்கள்.

இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் மதம் வந்து கைகொடுக்கிறது. புண்ணியவதி, நேரே சொர்க்கம் போவாள் என்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அவளுக்கென்று ஒரு கட்டில் போடாதவர்கள் வைகுண்டத்தில் இடம் ஒதுக்கித் தருகிறார்கள்! யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத ஊரில் கூலி தருவதாகச் சொல்வதைப்போல மலிவான பென்ஷன் வேறு உண்டா?

தாராவித் தமிழரில் பெரியார் பேரைச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆகவே அவரையே எடுத்துக்கொள்வோம். 1933 மே மாதம் மனைவி நாகம்மையார் இறந்தபோது அவர் தன் ‘குடிஅரசு’ இதழில் எழுதிய இரங்கலுரை நம் பிளக்ஸ் மொழிக்கு நேர் எதிரானது. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குப் போதித்ததில் நூறில் ஒரு பங்குகூடத் தன் மனைவி விஷயத்தில் தான் நடந்துகொண்டதாகச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்ற பொருளில், ஊரறிய ஒப்புக்கொண்டார். இரங்கலுரையில் செத்தவரைக் குளிப்பாட்டுவதுதான் வழக்கம். அவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பகுத்தறிவு என்று அவர் சொன்னதற்குக் கடவுள் மறுப்பைவிட இதையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வேன். ஆனால் பகுத்தறிவு அவரிடமும் ஒரு கேள்வி கேட்கும்: இதை நாகம்மையார் படிக்கும்படி ஒரு வருஷம் முன்பு எழுதியிருக்கக் கூடாதா? ஈரோட்டு வீட்டுக்கு வந்த இயக்கத்தாருக்கெல்லாம் சோறு போட்ட கை அது.

பெரியாரின் தாயார் சின்னத்தாயம்மாள் தொண்ணூறு தாண்டி வாழ்ந்து 1936இல் இறந்தார். நல்ல வைணவ பக்தை, மகனோ ஊரறிந்த நாத்திகர். நிறைவாழ்வு வாழ்ந்தவர், ஒப்பாரிக்கு இதில் ஒன்றுமில்லை என்ற தொனியில்தான் மகன் எழுதினார். அது சரிதான். கூலிவேலையிலிருந்து பெருவணிகத்துக்கு ஏறிய குடும்பம் அது, அந்த ஏற்றத்தில் அந்த அம்மாளின் உழைப்பும் கலந்திருக்கிறது. மண்டிக்குப் பிற்பாடு வைக்கப்பட்ட பெயரோ ஈ.வெ.ராமசாமி நாயக்கர் மண்டி.

“பாசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். அண்ணனும் தம்பியும் அப்பாவின் கடைக்குக் கோர்ட்டில் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எங்கே போகிறது? சட்டமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது, கஞ்சத்தனமாக. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை, சம்பாதிக்காத மனைவி விபத்தில் செத்தால் அவள் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் வேறு மாதிரி பார்த்தது. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பு இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் இல்லை, ஆகவே வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம், அதுவும் வீட்டுவேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எண்ணினால்.

“அவளுக்கு அதுதான் சந்தோஷம்” என்பது அடுத்த வாதம். இருக்கலாம், மறுக்கவில்லை. தறிக்காரருக்கும் நெசவு சந்தோஷம்தான், அதற்காக வேட்டியை இலவசமாக எடுத்துக்கொண்டு போவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஆச்சி மருமகளைப் படாதபாடு படுத்தியிருக்கலாம். பேரனுக்கு முட்டையும் பேத்திக்கு வெறும் குழம்பும் ஊற்றியிருக்கலாம். பக்கத்து வீட்டுச் சாதியைத் திண்ணையோடு நிறுத்தியிருக்கலாம். தெய்வமாக்கிவிட்டால் இதையும் பேச முடியாது. மனுஷியாக வைத்திருந்தால் அவளுக்குத் தரவேண்டியதையும் பேசலாம், அவள் செய்த தவறையும் பேசலாம்.

மகாராஷ்டிர அரசின் லாட்கி பஹின் திட்டம் 2024இல் வந்தது, தகுதியுள்ள பெண்ணுக்கு மாதம் 1,500 ரூபாய். வயது வரம்பு 21 முதல் 65. அறுபத்தாறு வயதில் ஆச்சி ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து ஓய்வெடுக்கப் போய்விட்டாளா என்ன? அரசு அவளைக் கண்ணில் கண்டதும் கொஞ்சக் காலத்துக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் குடிசைக்கு யோகம். மும்பையின் குடிசைச் சீரமைப்பு விதிகளின்படி, புதிதாகக் கட்டித்தரும் வீடு கணவன் மனைவி இருவருக்கும் சேர்ந்தே சொந்தம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடிவீடுகளில் இருப்பவர்களை அப்படி எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் படித்தவர்கள், தாமாகவே செய்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அலமாரியில் இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பெயர் மட்டும் இருந்தால் சொசைட்டி செயலாளரிடம் போய், அம்மா பெயரைச் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டாம்ப் டியூட்டி, அது இது என்று நாலு தடவை அலைய விடுவார், அலையுங்கள். அம்மா இருக்கும்போதே போனால், கையெழுத்தை அவளே போடுவாள்.