எரித்து அறியும் அறிவு

ஒரு பொருள் நம் எதிரே இருப்பதனாலேயே அது நம்மால் அறியப்பட்டதாகிவிடுமா என்று தர்க்க சாஸ்திரிகள் நெடுங்காலம் வாதித்த வினாவுக்கு, 1869இல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற இளம் மாணவர் கணையத்துள் திட்டுத் திட்டாகக் கண்டு எழுதிவைத்தவற்றுள் அடங்கிய பீட்டா உயிரணுக்கள், அவர் காண்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பிருந்தே மௌனமாக ஒரு விடை சொல்லி வந்திருக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இன்சுலினை வெளியிடுவது அவற்றின் தர்மம். அம்மிகுதியை உணர அவை பிரதானமாக நம்பியிருப்பது நாவை அன்று, அக்கினியை. உட்புகுந்த சர்க்கரையை எரித்து, அவ்வெரிப்பில் பிறக்கும் ஏடிபி என்னும் சக்திப் பொருள் பெருகி, சவ்விலுள்ள பொட்டாசியக் கதவு அடைபட, அதனால் மின்னிலை மாறிக் கால்சியம் உள்ளே பாய்ந்த பிறகே இன்சுலின் வெளிப்படுகிறது. சர்க்கரை அக்கதவை அடைப்பதை 1984இல் எலியின் உயிரணுவில் நேரே கண்டார்கள்.

அந்த அக்கினியை அவித்துவிட்டாலோ? வெண்ணெய்ப்பழத்தில் உள்ள மானோஹெப்டுலோஸ் எரிப்பின் முதற்படியிலேயே குறுக்கே நிற்கிறது. அசைடு என்னும் நஞ்சோ, பிராணவாயு வந்து சேரும் கடைசிப் படியை முடக்குகிறது. இரண்டிலும், சர்க்கரை வெள்ளமாய்ச் சூழ்ந்திருக்க, உயிரணு உபவாசியைப்போல் வாளாவிருக்கிறது.

இருள் பிறவற்றை மறைத்தாலும் தன்னையேனும் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் வகுத்த வேற்றுமை இங்கே எனக்கு நினைவு வருகிறது. 'சர்க்கரை இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை' என்பதன்று அவ்வுயிரணுவின் நிலை. 'சர்க்கரை இல்லை' என்பதே. (ஜடத்துக்கு அறிவை ஏற்றிச் சொல்வது வெறும் உபசார வழக்கு என்று சித்தாந்திகள் கடிந்துகொண்டால், ஒப்புக்கொள்கிறேன்.)

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. நீரிழிவுக்குத் தரும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் எரிப்பின் துணையின்றியே கதவை அடைத்துவிடுவதால், சர்க்கரை தாழ்ந்திருக்கையிலும் இன்சுலின் சுரந்து, நோயாளி வியர்த்துத் தள்ளாட நேர்வதுண்டு. பழுதையைப் பாம்பென்று கண்டவனுக்கேனும் எதிரே பழுதை கிடந்தது. இங்கே அதுவும் இல்லை. ஆயினும், அக்கதவு சரிவர மூடாதபடி மரபணுப் பிழையோடு பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு என்று 2004இல் தெரியவந்தபின், அவர்களுள் பலருக்கு இன்சுலின் ஊசியை நிறுத்தி இதே மாத்திரையைத் தருகிறார்கள். அவர்களிடம் சர்க்கரை எரியாமலில்லை. எரிந்த செய்திதான் கதவை எட்டுவதில்லை. மாத்திரை அவர்களுக்குத் தருவதும் பிராந்திதானா என்று கேட்டால், உணவு உண்டபின் அவர்கள் கணையம் மீண்டும் இன்சுலின் சுரப்பதைப் பார்க்கையில், அல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது.