அலைக்கு அடியில் உள்ள தரை

மனத்தில் எழுவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. காலையில் கண் விழிக்கும்போதே ஏதோ ஒரு கவலை வந்து காத்திருக்கிறது. நண்பகலில் யாரோ சொன்ன ஒரு சொல் சுடுகிறது. இரவில் ஓர் ஆசை தூக்கத்தைத் தள்ளிவைக்கிறது. எதையும் நாம் அழைக்கவில்லை, எல்லாம் வருகின்றன. வருவதைத் தடுத்துத் தடுத்தே களைத்துப் போனவர்கள் நம்மில் பலர். சற்று அமைதியாக அமர்ந்து, ஓயாமல் வந்துகொண்டிருக்கும் அலைகளோடு இசைந்து வாழும் ஒரு கடற்கரையை இன்று நினைத்துப் பார்ப்போம்.

ஹவாய்த் தீவுகளில் ஓவாஹு என்றொரு தீவு. அதன் தென்கரையில் இருக்கிறது வைகீகி. அலைச்சறுக்கு பழக விரும்புவோர் உலகின் பல மூலைகளிலிருந்தும் தேடி வரும் கரை அது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு இந்த நீரில்தான் வளர்ந்தார். பின்னர் ஆஸ்திரேலியா வரை சென்று அலைச்சறுக்கை அங்குள்ளவர்களுக்குக் காட்டினார். இன்று அவருடைய வெண்கலச் சிலை கரையோரம் இரு கைகளையும் விரித்து நிற்கிறது. வருகிறவர்கள் அந்தக் கைகளில் பூமாலைகளை இட்டுச் செல்கிறார்கள்; வாடிய மாலையின் மேல் புது மாலை, அதன் மேல் இன்னொன்று.

அந்தக் கரைக்குச் சற்று அப்பால், நீருக்கு அடியில், பரந்த பவளப்பாறைத் தளம் ஒன்று கிடக்கிறது. அதன் மேல் வந்து உடையும் அலைகளுக்கு இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. கனூஸ் என்று அழைக்கப்படும் இடம் புதியவர்களுக்கு உகந்தது. பாறை மேல் உடையும் அலை என்று கேட்டதும் நமக்குள் அச்சம் எழுவது இயல்பு. ஆனால் கனூஸில் அலை சீறுவதில்லை. மெல்ல எழுகிறது, மெல்லச் சரிகிறது, சரிந்தபடியே நெடுந்தூரம் ஓடுகிறது. வாழ்வில் முதல்முறையாகப் பலகையின் மேல் நடுங்கியபடி எழுந்து நிற்பவரையும் அது சுமந்து செல்கிறது. பாறையின் மேல் உடைகிற அலைக்கு இத்தனை மென்மை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு சற்று நேரம் இருப்போம்.

அலை பிறக்கும் இடத்துக்கு முதலில் போவோம். மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் ஹவாயில் கோடை. பூமியின் தென்பாதியில் அப்போது குளிர்காலம். நியூசிலாந்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் விரிந்த கடலில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல்கின்றன. காற்று நாள்கணக்கில் நீரை உழுகிறது. அந்த உழைப்பு அலைகளாகத் திரண்டு, புயலை விட்டு வெளியேறி, வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் பதினாறு வினாடி இடைவெளி இருந்தால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடக்கும். வைகீகியை வந்து தொட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

1963ஆம் ஆண்டில் வால்ட்டர் மங்க் என்ற கடலியலாளர் தம் குழுவினரோடு இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தார். நியூசிலாந்திலிருந்து சமோவா, ஹவாய் வழியாக அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கடலில் பிறந்த அலைகள் ஒவ்வொரு நிலையத்தையும் கடப்பதைப் பதிவு செய்தார்கள். புயல் சூழ்ந்த பகுதியைத் தாண்டிய பிறகு, அந்த நெடிய அலைகள் வழியில் இழந்தது மிகக் குறைவு என்று கண்டார்கள். இடையே வேறு காற்றுகள் வீசின. வேறு அலைகள் குறுக்கிட்டன. நெடிய அலை அவற்றின் ஊடே அமைதியாகக் கடந்து வந்தது.

இதில் நாம் நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அலை பயணம் செய்கிறது. நீர் பயணம் செய்வதில்லை. நடுக்கடலில் நீர்த்துளி தன் இடத்திலேயே ஒரு வட்டமிட்டு ஏறக்குறைய அங்கேயே திரும்புகிறது. கடந்து போவது அசைவு மட்டுமே. மற்றொன்று, அலை கரையைத் தொடும் நாளில் அதைப் பிறப்பித்த புயல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். எந்தக் காற்று இதைத் தள்ளியதோ அந்தக் காற்று இப்போது இல்லை.

நம் சினமும் அப்படித்தான் வருகிறது. இன்று மனைவியிடமோ மகனிடமோ உடன் பணிபுரிபவரிடமோ சீறி எழுந்தது இன்று பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. என்றோ பட்ட அவமானம், என்றோ கிடைக்காமல் போன அன்பு, யாரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய நாள் அதைப் பிறப்பித்திருக்கலாம். அந்தப் புயல் ஓய்ந்துவிட்டது. அசைவு மட்டும் இப்போதுதான் வந்து சேர்கிறது. அது நம் ஊடாகக் கடந்து செல்கிறது. நாம் இருந்த இடத்தில் இருக்கிறோம். இதை அறிந்த கணத்தில் போரிட எதிரே யாரும் இல்லை என்பது தெரிகிறது. எதிரி இல்லாத இடத்தில் மனம் தானாகவே ஆயுதத்தைக் கீழே வைக்கிறது.

நம் கரைகளும் இதை அறிந்தவைதாம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்த நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் திடீரென ஏறி வருவதுண்டு. கள்ளக்கடல் என்று அதைச் சொல்கிறார்கள். வானம் தெளிவாக இருக்கிறது என்பதால் அலை வராது என்று எண்ணக் கூடாது. நம் மனநிலை தெளிவாக இருக்கும் நாளுக்கும் இது பொருந்தும்.

இனி, நாம் விட்டுவந்த கேள்விக்குத் திரும்புவோம். தென்கடலில் புறப்படும் அதே அலைக்கூட்டம் ஹவாயை அடைவதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகத் தஹிதி தீவைத் தொடுவதுண்டு. அங்கே தெயாஹுபோ என்ற இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டிகள் நடந்தது அங்கேதான். உலகின் தேர்ந்த வீரர்களையும் அஞ்சவைக்கும் அலை அது. ஆழ்கடலின் அடித்தரை அங்கே சட்டென்று உயர்ந்து பவளப்பாறையாகிறது. தடையின்றி வந்த அலை, தயாராக நேரமின்றி, ஒரே இடத்தில் தன் முழுப் பாரத்தையும் கவிழ்க்கிறது. வைகீகியில் தரை நெடுந்தொலைவு சிறுகச் சிறுக உயர்கிறது. வரும் அலையை அது முன்கூட்டியே தொடுகிறது. மெல்ல வேகம் தணிக்கிறது. அகலமான தளத்தின் மேல் அதன் வலிமையைப் பரப்பிவிடுகிறது. புறப்பட்ட புயல் ஒன்று. வந்த அலை ஒன்று. இரண்டு கரைகளில் தரை வேறு.

அன்பு நெஞ்சங்களே, இந்த ஒன்றைத்தான் நாம் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். வருவது எது என்பது நம் கையில் இல்லை. வந்தது எப்படி உடைகிறது என்பதைத் தரை முடிவு செய்கிறது. ஒரே இழப்பு ஒருவரை நொறுக்கிவிடுகிறது; இன்னொருவரைக் கனிய வைக்கிறது. ஒரே வசைச்சொல் ஒருவரிடம் பகையாக வளர்கிறது. இன்னொருவரிடம் சிறு வருத்தமாகப் பரவிக் கரைகிறது. கனிந்தவருக்கு அலை சிறியதாக வரவில்லை. வந்த அலையை வெகு முன்னரே தொட்டு, தாங்கி, பரப்பிவிடும் ஒரு தரை அவருக்குள் இருந்தது.

அந்தத் தரை எப்படி உண்டாகிறது? பவளப்பாறையைக் கேட்டால் அது சொல்லும். குண்டூசித் தலையளவு முதல் விரல்நகம் அளவு வரையான சின்னஞ்சிறு உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றன. ஒன்று மறைந்தபின் அதன் கூட்டின் மேல் மற்றொன்று கட்டுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போகின்றன. எந்த ஒரு நாளிலும் பாறை வளர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஒரு பெருங்கடலின் வேகத்தைத் தணிக்கும் தளம் அப்படித்தான் எழுந்தது. நாம் அன்றாடம் செய்யும் சிறு பழக்கங்களும் அத்தகையவை. விடியலில் சில நிமிட மௌனம். பதில் சொல்லும் முன் ஒரு மூச்சு. படுக்கும் முன் ஒருவரை மன்னித்தல். இவை நம்மை உயர்த்துவதாக எந்த நாளும் நமக்குத் தெரிவதில்லை. அலை வரும் நாளில் தெரிகிறது.

வைகீகியில் கடலில் இறங்குமுன் முன்னறிவிப்பைப் பார்ப்பது வழக்கம். ஹொனலுலுவில் உள்ள வானிலை அலுவலகம் தீவின் வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்குக் கரைகளுக்குத் தனித்தனியே அலையின் உயரத்தை நாள்தோறும் சொல்கிறது. அதைப் படிப்பதும் ஒரு தியானம் போன்றதே. உயரத்தை மட்டும் பார்க்கலாகாது. அலைகளுக்கு இடையேயுள்ள வினாடிகளையும் பார்க்க வேண்டும். இடைவெளி நீண்டிருந்தால், உயரம் குறைவாகத் தோன்றினாலும் அலைக்குள் வலிமை இருக்கிறது. பழகுபவருக்கு இரண்டு மூன்றடி முகம் கொண்ட அலையே போதும்.

அடுத்தது காற்று. ஆண்டின் பெரும்பகுதியில் வடகிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. வைகீகி தெற்கு நோக்கியிருப்பதால் அந்தக் காற்று நிலத்தின் மேலாக வந்து, எழும் அலையின் முகத்தை எதிர்கொண்டு நீவிச் சமன் செய்கிறது. விடியற்காலையில் அது இன்னும் மெலிதாக இருக்கும். பழகுவதற்கு உகந்த பொழுது அதுவே. குளிர்காலத்தில் சில நாள் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கோனா காற்று வீசும். அப்போது அலைகள் கலைந்து குழம்பும். அந்நாள்களில் கரையில் அமர்ந்திருப்பதே பயிற்சி.

பிறகு ஓதம். இங்கே நீர் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ இரண்டடிதான். ஆனால் அடியில் பாறை இருக்கும்போது அந்த இரண்டடிக்கு மதிப்பு உண்டு. நீர் வெகுவாக வற்றியிருக்கும் வேளையைத் தவிர்த்து, பாதி ஏறிய பின் இறங்குவது நல்லது. விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடலைத் தட்டையாக விட்டு விழ வேண்டும். மேலே வரும்போது கைகளால் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். பாறையின் மேல் காலூன்றக் கூடாது. காலுக்கும் காயம், பவளத்துக்கும் காயம். பௌர்ணமி கழிந்து எட்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை பெட்டிச் சொறிமீன்கள் தென்கரைக்கு வருவதுண்டு; அந்நாள்களில் கரையில் உள்ள எச்சரிக்கைப் பலகையை மதித்து நடப்பதே அறிவு. இவற்றில் எதுவும் அச்சத்தின் மொழி இல்லை. அறிந்து இறங்குபவர் நிம்மதியாக இறங்குகிறார்.

இறங்கியபின் காத்திருத்தல் இருக்கிறது. அலைகள் கூட்டமாக வரும். பின் நீண்ட ஓய்வு வரும். புதியவருக்கு அந்த ஓய்வு பொறுப்பதில்லை. எழும் ஒவ்வொரு சிறு மேட்டையும் துரத்துகிறார். தோள் ஓய்ந்து மூச்சு வாங்கும் வேளையில் நல்ல அலை வருகிறது. அவரால் கை வீச முடிவதில்லை. ஆசை நம்மைக் களைக்கச் செய்யும் விதம் இதுதான். அது தவறான பொருளைக் கேட்கிறது என்பதைவிட, எல்லாவற்றையும் கேட்கிறது என்பதே அதன் துயரம். அருகில் அமைதியாகப் பலகையில் அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். கண் தொடுவானில் இருக்கிறது. தோள்கள் தளர்ந்திருக்கின்றன. ஓர் அலையைப் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கிறார். இன்னொன்றும் அப்படியே போகிறது. கடல் வறண்டுவிடாது என்பது அவருக்குத் தெரியும். தமக்குரிய அலை வரும்போது நான்கைந்து முறை கை வீசுகிறார், எழுந்து நிற்கிறார். காத்திருந்த நேரம் அந்த நிற்றலுக்குள் இருக்கிறது.

தரையைக் காப்பதும் நம் கடமை. பவளத்துக்கு ஊறு செய்யும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரு பொருள்கள் கலந்த வெயில் பூச்சுகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் தடை செய்தது. தோலில் பூசும் மெல்லிய பூச்சு நீரில் கரைந்து, நெடுங்காலம் எழுந்த தளத்தைத் தொடுகிறது. நம் உள்தரையையும் அன்றாடச் சிறு பொருள்களே அரிக்கின்றன: புறம்பேசிக் கழித்த ஒரு மாலை, ஒப்பிட்டுப் பார்த்து வாடிய ஒரு மணி நேரம், பிறர் தோல்வியில் கண்ட ஒரு நொடி மகிழ்ச்சி. பெரும்புயல்களுக்கு அஞ்சும் நாம் இந்தச் சிறு கரைசல்களைக் கவனிக்கத் தொடங்கினாலே பாதி அமைதி நம்மிடம் திரும்பிவிடும்.

வைகீகிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே முன்னறிவிப்பு கிடைக்கிறது. நம் வாழ்வுக்கு அப்படியொன்றை யாரும் எழுதித் தருவதில்லை. எந்தப் புயலின் அலை அடுத்த வாரம் நம்மிடம் வந்து சேரும் என்று நாம் அறியோம். அறிய வேண்டிய தேவையும் இல்லை. அது வந்து சேரப்போகும் தரை இப்போதே நம் வசம் இருக்கிறது. அந்தத் தரையில் இன்றைக்குரிய மெல்லிய ஒரு படலத்தை, உறங்கப் போகும் முன் இன்றே சேர்த்துவிடுவோம்.