பின்சக்கரத்தில் சத்தமா? நீயே கண்டுபிடி!

தம்பி, பிரேக் மாற்றிய மறுநாளே பின்சக்கரத்தில் சத்தம் வந்துவிட்டது என்று முகம் தொங்கிப்போய் நிற்கிறாயா? "பழைய வண்டியை நோண்டினால் இப்படித்தான்" என்று நாலு பேர் சொல்லிவிட்டார்களா? கழற்றிவிட்டுப் பழைய பிரேக்கையே மாட்டிவிடலாம் என்று தோன்றுகிறதா? நிறுத்து! மாட்டத் தெரிந்த கைக்குத் தேடவும் தெரியும்.

எனக்கும் இது நடந்தது. சித்தூரில் என் பிரீமியர் பத்மினிக்கு முன்னால் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், பின்னால் புது பிரேக் ஷூ மாட்டினேன். அழகுக்காகச் செய்த வேலை அல்ல. திருமலையிலிருந்து நாம் இறங்குவது 1944-ல் போட்ட முதல் மலைப்பாதையில். ஏறும் பாதை 1974-ல் வந்தது. அந்த இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி விரியும், ஷூவுக்கு எட்டாமல் விலகும், பெடல் கீழே போகும். ஒருமுறை அதைக் காலில் உணர்ந்தவன் சும்மா இருக்க மாட்டான்.

மறுநாள் திருப்பதிக்குக் கிளம்பினேன். பூதலப்பட்டு தாண்டியதும் வலது பின்பக்கம் 'சர்... சர்... சர்...' நெஞ்சு படபடத்தது. வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினால், "பேரிங் போச்சு, அச்சையே இறக்கணும்" என்றார் மேஸ்திரி. சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! நான் தலையாட்டவில்லை. என் காதை நம்பினேன்.

நீயும் நம்பு. ஆளில்லாத நேர் ரோட்டில் வண்டியை மெதுவாக உருட்டிச் சத்தத்தை எண்ணு. பத்மினியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒரு சுற்று. நொடிக்கு ஒரு 'சர்' என்றால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று உரசுகிறது. நியூட்ரலில் விட்டாலும் அதே சத்தமா? இன்ஜினை மறந்துவிடு. பேரிங் போனால் 'ஊ' என்று இழுத்து முனகும். இடது வளைவில் பாரம் வலது சக்கரத்தில் ஏறும்போது முனகல் கூடும். என் வண்டியில் அது இல்லை. ஹேண்ட் பிரேக்கை ஒரு பல், இரண்டு பல் மட்டும் இழுத்தேன். அது பின்சக்கர ஷூவைத்தான் தொடும். இரண்டாம் பல்லில் சத்தம் மாறியது. டிரம்முக்குள்தான் விஷயம்!

வீட்டுக்கு மெல்ல ஓட்டி வந்து, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து டிரம்மைக் கழற்றினேன். தூசியை ஊதாதே தம்பி, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; ஈரத்துணியால் துடை. டிரம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். நகம் தட்டி நின்றது. பழைய ஷூ வருடக்கணக்கில் தேய்த்த இடம் பள்ளமாகி, தேயாத ஓரம் வயல் வரப்புபோல் எழும்பி நின்றது. புது ஷூவின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு. டிரம் இம்மியளவு வட்டம் தப்பியிருந்ததால் சுற்றுக்கு ஒருமுறை உரசல். அவ்வளவுதான்!

லேத்தில் டிரம்மைக் கடைந்தேன். எல்லை மீறிக் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும். அப்போது புதிதுதான் வாங்க வேண்டும். பேக் பிளேட்டில் ஷூ அமரும் மேடுகளுக்கு மெல்லிய கிரீஸ் தடவினேன், லைனிங்கில் படாமல். பேரிங்குக்கு ஒரு பைசா செலவில்லை.

பிரேக் என்பது சீமைச் சரக்கு என்று மலைக்காதே. 1962-லேயே சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கிவிட்டது. அதைச் செய்து பழகி நம் கைகளுக்கு அறுபது வருடம் ஆகிவிட்டது. உன் கை மட்டும் எதில் குறைந்தது?

ஒன்றில் மட்டும் வீரம் காட்டாதே. காரணம் தெரியும்வரை மலைப்பக்கம் வண்டியை எடுக்காதே. நாளைக் காலை முன்சக்கரத்துக்குக் கல் வை. வண்டியைத் தூக்கு. சக்கரத்தை உன் கையால் சுற்றிக் காதைக் கொடு.